சிலிண்டர் எண்ணிக்கை: பூஜ்யம்

மனிதருக்கு மூச்சு நின்றால் ஒரு சான்றிதழ் போதும். காருக்கு இன்ஜின் நின்றால் பதினொரு படிவம் வேண்டும். நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள வைதோரு என்ற சிற்றூரில் எல்லோரும் அறிந்து, ஏற்று, மதித்து வாழும் நடைமுறை இது. ஆகவே ஆகஸ்ட் இரண்டாம் வாரம், பால் தொழிற்சாலைக்குப் போகும் சாலையில் தன் கார் பெரிதாக ஓர் இருமல் இருமிவிட்டு அடங்கியபோது, நைரி பாஸ்கோவுக்கு முதலில் மெக்கானிக் ஞாபகம் வரவில்லை. பேனா ஞாபகம்தான் வந்தது.

நைரிக்கு நாற்பத்தெட்டு வயது. பகலெல்லாம் இருபத்திரண்டு சக்கரப் பால் லாரி ஓட்டுவாள். மிச்ச நேரத்தில் சில்வியா ஓட்டுவாள். சில்வியா என்பது ஜப்பான்காரன் தொண்ணூற்று நாலில் செய்த, இரண்டே கதவு கொண்ட, தரையோடு தரையாகக் கிடக்கும் கார். விவாகரத்தின்போது அவள் கணவன் படகையும் நாயையும் எடுத்துக்கொண்டான். அவள் சில்வியாவை எடுத்துக்கொண்டாள். நாயை நினைத்து ஒரு வாரம் அழுதாள். மற்றபடி கணக்கு நேராகிவிட்டதாகவே நினைத்தாள்.

இன்ஜின் செத்ததற்கு ஜப்பான்காரன் பொறுப்பல்ல. ஆயில் இல்லையென்று ஒரு சிவப்பு விளக்கு ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று அவள்தான் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் வட்டார வாகன மாற்ற அனுமதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் வாகனம் இயங்காநிலை எய்தியமை குறித்து வருந்துகிறோம். செப்டம்பர் முப்பது மாலை நான்கரை மணிக்குள் இயங்குநிலை எய்தாவிடில் அது பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்" என்றது கடிதம். நீக்கப்பட்ட கார் பிறகு எத்தனை வேகமாக ஓடினாலும், சட்டத்தின் கண்ணில் அது இல்லாத கார். இல்லாத காரை ஓட்டுகிறவர் இருந்து அபராதம் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை ரெவியின் பட்டறையில் கூட்டம் கூடியது. ரெவி அவளுக்குச் சித்தப்பா மகன்; ஊருக்கு ஒரே மெக்கானிக். ஆட்டுப்பண்ணைக்காரர் கிராண்ட் மக்லீஷ் சேறு ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார். பால் தொழிற்சாலையில் சீஸ் பிரிவில் வேலை பார்க்கும் விலியாமி, டோங்கா தீவுக்காரன், எல்லோருக்கும் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் வாங்கி வந்திருந்தான். ஜப்பான் கார் விஷயத்தில் மூவரும் மூன்று மதம்.

"வி-எட்டு போடு நைரி," என்றார் கிராண்ட். "அமெரிக்காக்காரன் செஞ்சது. எட்டு சிலிண்டர், அஞ்சே முக்கால் லிட்டர். ஒரு தடவை உள்ள இறக்கிட்டா உன் பேரன் காலம் வரைக்கும் ஓடும்."

"உங்க வண்டி ஓடுதா?" என்றான் விலியாமி.

"அது வேற விஷயம். அது தயாராகிட்டிருக்கு."

கிராண்டின் கார் மூன்று வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் அதன் அடியில் ஒரு கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்து, அந்தக் குஞ்சும் முட்டையிடத் தொடங்கிவிட்டது.

"ஜப்பான் உடம்புக்குள்ள அமெரிக்க இதயமா? பாவம்க்கா," என்றான் விலியாமி. "ஆறு சிலிண்டர் போடுங்க. ஒரே வரிசை. மூணு லிட்டர். டர்போவை மட்டும் மாத்தினா ஆயிரம் குதிரை சக்தி."

"ஆயிரம் குதிரையை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? நூறைத் தாண்டினா போலீஸ் பிடிக்கிறான்."

"ஓட்டறதுக்கு இல்லக்கா. சொல்லிக்கறதுக்கு."

ரெவி இறைச்சிப் பண்டத்தைக் கடித்தபடி, "ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றான். "அக்கா, பழைய நாலு சிலிண்டரே போதும். அதே இன்ஜின் நல்ல நிலைமையில ஒண்ணு கிறைஸ்ட்சர்ச்சுல இருக்கு. அதே பிடிமானம், அதே வயர். ரெண்டு நாள் வேலை."

பேச்சில் இவ்வளவு புத்தி கலந்துவிட்டதே என்று மற்ற இருவருக்கும் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. நைரி திங்கட்கிழமையே அலுவலகத்துக்குப் போனாள்.

அனுமதி அதிகாரி லிண்ட்சே ஹார்கட் அப்பழுக்கற்றவர். முப்பது வருட சேவையில் ஒருமுறைகூட லஞ்சம் வாங்கியதில்லை. ஒருமுறைகூட முடிவு எடுத்ததும் இல்லை. விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"அதே இன்ஜினா மேடம்?"

"அதேதான் சார்."

"அப்போ மாற்றம் எதுவும் இல்லையே."

"இன்ஜினை மாத்தறேனே சார்."

"அதையேதானே திரும்ப வைக்கிறீங்க? மாற்றம் இல்லாத மாற்றத்துக்கு மாற்ற அலுவலகம் எப்படி அனுமதி தர முடியும்? இது பழுது நீக்கம். பக்கத்து ஜன்னலுக்குப் போங்க."

பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. "சிக்கன நடவடிக்கையின் பொருட்டு இப்பிரிவு மாற்றப் பிரிவுடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஓர் அட்டை தொங்கியது. நைரி இரண்டடி நகர்ந்து முதல் ஜன்னலுக்கே வந்தாள்.

"உங்களோடதான் இணைச்சிருக்காங்களாம் சார்."

"ஆமா, இணைச்சாங்க. பிரிவு வந்துடுச்சு. படிவம் இன்னும் வரலை."

"எப்ப வரும்?"

"அதைக் கேட்கறதுக்கு ஒரு படிவம் இருக்கு. அதுவும் அதோட சேர்ந்துதான் வரணும்."

செப்டம்பர் முதல் வாரம் ஆறு சிலிண்டருக்கு மனுப் போட்டாள். அது நீளமான இன்ஜின். ஹார்கட் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்தார். இன்ஜின் நீண்டால் ரேடியேட்டர் முன்னால் போகும்; ரேடியேட்டர் போனால் பம்பர் போகும்; பம்பர் போனால் நம்பர் பலகை நாலு விரற்கடை முன்னால் போகும். நம்பர் பலகை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத வண்டி, நம்பர் பலகை இல்லாத வண்டி. நிராகரிக்கப்பட்டது.

இரண்டாம் வாரம் வி-எட்டு.

"இவ்வளவு பலத்துக்குப் பெரிய பிரேக் வேணும் மேடம்."

"போட்டுக்கறேன்."

"பெரிய பிரேக்குக்குப் பெரிய சக்கரம் வேணும்."

"அதையும் போட்டுக்கறேன் சார்."

"பெரிய சக்கரத்துக்கு உடம்பை அகலப்படுத்தணும்."

"ரெவி பார்த்துக்குவான்."

"அகலப்படுத்தினா அது இந்தக் கார் இல்லையே," என்றார் ஹார்கட், மிகுந்த வருத்தத்தோடு. "வேற ஒரு காரோட இன்ஜினை மாத்த நீங்க எப்படி மனுப் போட முடியும்? அந்தக் காரோட சொந்தக்காரர் யாரோ, அவரை வரச் சொல்லுங்க."

செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி நைரி பட்டறைக்கு வந்து, இன்ஜின் இல்லாத சில்வியாவின் பானெட்டைத் திறந்து, அந்த வெற்றுக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஐந்தே நாள். அவள் காருக்காக அழுகிற ரகமல்ல. ஆனால் ரெவி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து சாக்கு சுற்றிய ஒரு பொருளை இழுத்தான். பீர் பீப்பாயைவிடக் கொஞ்சம் பெரிது.

"ரோட்டரி இன்ஜின்," என்றான் மெதுவாக. "மரம் விழுந்து நசுங்கின கார்லேர்ந்து எடுத்தது. நான் பேச்சே எடுக்க வேண்டாம்னு இருந்தேன்."

"ஏன்?"

"பிஸ்டன் கிடையாது. முக்கோணமா ரெண்டு கட்டை உள்ள சுத்தும், அவ்வளவுதான். பலம் நிறைய."

"பெட்ரோல் குடிக்குமா?"

"ஊத்தற அளவு குடிக்கும்."

"சத்தம்?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்க்கா."

மறுநாள் ஹார்கட் கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். கொள்ளளவு ஒன்றே கால் லிட்டர் சொச்சம், பழையதைவிடக் குறைவு. அவர் முகம் மலர்ந்தது. நீளம் குறைவு. எடை குறைவு. இன்னும் மலர்ந்தது.

"சிலிண்டர் எண்ணிக்கை?"

"இல்ல சார்."

"எத்தனை இல்ல?"

"எதுவுமே இல்ல. பூஜ்யம்."

ஹார்கட் பூஜ்யத்தைத் தட்டினார். கணினித் திரை முழுவதும் பச்சையாக மாறியது. மூலையில் ஒரு சின்ன இலை முளைத்தது. முப்பது வருடத்தில் அவர் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வாழ்த்துகள் மேடம். அனுமதி கிடைச்சிடுச்சு. மின்சார வண்டி."

"மின்சாரம் இல்ல சார். பெட்ரோல்."

"சிலிண்டர் இல்லாத இன்ஜின் மின்சார இன்ஜின். எரிபொருள் கட்டத்தை அதுவே நிரப்பிக்கிச்சு. பூட்டிடுச்சு. என்னால திறக்க முடியாது."

"ஆனா உண்மையில அது..."

"நீங்க சொல்றது வாய்மொழி மேடம். இது பதிவு." அவர் குரலைத் தாழ்த்தினார். "முப்பதாம் தேதிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. உங்களுக்கு வண்டி வேணுமா, விளக்கம் வேணுமா?"

நைரிக்கு வண்டிதான் வேண்டியிருந்தது. தான் பொய் சொல்லவில்லை, சொன்ன உண்மையை அலுவலகம் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவே என்று வீடு வந்து சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அனுமதியோடு ஒரு நிபந்தனை வந்தது. மின்சார வண்டிகள் ஓசையின்றி ஊர்ந்து வந்து பாதசாரிகளை மோதிவிடக்கூடும். ஆகவே மெதுவாகப் போகும்போது எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி பொருத்துதல் கட்டாயம். ஒலியை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்: மெல்லிய ரீங்காரம், சிற்றோடை, தென்றல், டூயி என்ற உள்ளூர்ப் பறவையின் கூவல். நைரி பறவையைத் தேர்ந்தெடுத்தாள்.

முப்பதாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு ஹார்கட் ஒலிமானியோடு பட்டறைக்கு வந்தார். ரெவி சாவியைத் திருகினான்.

அதை எழுத்தில் கொண்டுவருவது கடினம். ப்ராப் ப்ராப் ப்ராப் என்று, யாரோ தகரக் கொட்டகைக்குள் நின்று பீரங்கியால் விக்கல் எடுப்பது போல இருந்தது. தேநீர்க் கோப்பை தானாக நடந்து மேஜை விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. எதிர்ப்புறத்து மேய்ச்சல் நிலத்தில் கிராண்டின் ஆடுகள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பின.

ஹார்கட் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, காதைச் சாய்த்து, பறவையைக் கேட்க முயன்றார். உதட்டைப் பிதுக்கினார். இன்ஜினை நிறுத்தச் சொல்லிச் சைகை செய்தார்.

"பறவை கேட்கலை மேடம். பாதசாரிகளுக்கு எச்சரிக்கை போதாது."

"சார், இன்ஜின் சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் கேட்குமே! எந்தப் பாதசாரி மோதிக்குவான்?"

"எந்த இன்ஜின் சத்தம்?" என்றார் ஹார்கட் நிதானமாக. "பதிவுப்படி உங்க இன்ஜினுக்குச் சத்தம் கிடையாது. பதிவில் இல்லாத சத்தத்தை நான் கணக்குல எடுத்துக்க முடியாது. பறவை கேட்கணும். நாலரை வரைக்கும் காத்திருக்கேன்."

அடுத்த இரண்டு மணி நேரத்தில் நடந்ததை வைதோருவில் இன்றும் பேசுவார்கள். கிராண்ட் தன் பிக்கப்பில் பறந்து போய், ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவும் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். விலியாமி அவற்றைக் கூரையில் கட்டினான். ரெவி வயரைக் கோத்தான். நைரி கடிகாரத்தையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்கு இருபதுக்கு மறுபடி சாவியைத் திருகியபோது, பீரங்கி விக்கலுக்கு மேலே, மாதாகோவில் மணிக்கூண்டு அளவு பெரிய ஒரு டூயிப் பறவை கூவியது.

ஹார்கட் புன்னகையோடு கையெழுத்திட்டார். காதிலிருந்து பஞ்சை எடுத்தபடி, "சுற்றுச்சூழலுக்கு உங்க பங்களிப்புக்கு நன்றி மேடம்," என்றார்.

நைரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று மாலையே கடற்கரைச் சாலையில் ஒரு நடை போய்வந்தாள். சில்வியாவின் பின்குழாயிலிருந்து அவ்வப்போது ஒரு முழ நீளத்துக்குத் தீ வந்தது. மேலே பறவை கூவியது.

மறுவாரம் நூலகர் மிஸ் ஃபென்விக் நகரசபைக்குப் புகார் எழுதினார். அவர் மெலிந்த, நேர்மையான மனுஷி. உண்மையான சின்ன மின்சாரக் கார் ஒன்று வைத்திருந்தார். தன் வாசகர்கள் சைகையில் புத்தகம் கேட்க வேண்டியிருக்கிறது என்று குறிப்பிட்டிருந்தார். நகரசபை உடனே பதில் அனுப்பியது: "மேற்படி வாகனம் மின்சார வாகனமாகையால் அது ஓசை எழுப்ப இயலாது. தங்களுக்குக் கேட்டது பறவையாக இருக்கலாம். பறவைகள் இப்பிரதேசத்தின் இயற்கைச் செல்வம். தேவைப்பட்டால் காது மருத்துவரை அணுகவும்."

இந்தப் பதில் எப்படியோ ஊருக்குள் பரவியது. முதலில் விலியாமி வந்தான்.

"அக்கா, மின்சார வண்டின்னா நூலகத்து முன்னாடி இலவசமா நிறுத்தலாமாமே?"

"ஆமாடா."

"புகை பரிசோதனையும் இல்லையாமே?"

"இல்லாத புகையை எப்படிப் பரிசோதிப்பான்?"

ஆயிரம் குதிரைகளை அப்படியே துறந்துவிட்டு ரெவியிடம் ரோட்டரிக்குச் சொல்லி வைத்தான். கிராண்ட் பத்து நாள் தாக்குப்பிடித்தார். பதினோராம் நாள் வந்து, கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தார். அதன்பிறகு மடை திறந்துகொண்டது. ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக ரோட்டரி வந்து இறங்கியது. பல் மருத்துவர் போட்டார். பாதிரியார் போட்டார். ரோட்டரியின் உள்ளே என்ன சுற்றுகிறது என்று தெரியாதவர்கள்கூட, பூமிக்கு நம்மாலான சிறு கைங்கரியம் என்று சொல்லிக்கொண்டு போட்டார்கள். இன்னும் நாலு சிலிண்டர் ஓட்டுகிறவரை, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி நினைக்காதவர் என்று பள்ளிக்கூடத்து வாசலில் பேசினார்கள்.

பெப்ரவரிக்குள் வைதோருவில் அறுபத்துமூன்று மின்சார வண்டிகள். ஊரின் ஒரே பெட்ரோல் நிலையத்தில் விற்பனை மும்மடங்காகியது. அதற்குக் காரணம் சுற்றுலாப் பயணிகள் என்று நகரசபை அறிக்கை கூறியது. அரசாங்கம் அனுப்பிய மின்னேற்ற நிலையத்தைப் பெட்ரோல் வரிசைக்குப் பக்கத்திலேயே நிறுவினார்கள். வரிசையில் நிற்பவர்கள் குடை மாட்ட வசதியாக இருந்தது.

அந்த வரிசையில்தான் நைரியின் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பால் லாரிக்கு டீசல் போட ஒரு மணி நேரம் காத்திருப்பாள். முன்னாலும் பின்னாலும் அறுபது பறவைகள் கூவும். மேலே நீலமாகப் புகை நிற்கும். தான் ஒரு காரைக் காப்பாற்றப் போய் ஓர் ஊரையே கெடுத்துவிட்டோமோ என்று தோன்றும்.

"யாருகிட்டயாவது உண்மையைச் சொல்லிடலாமாடா ரெவி?"

"சொல்லுங்கக்கா," என்றான் ரெவி, கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமல். "ஆனா கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. ரோட்டரிக்கு இன்னும் நாப்பது பேர் வரிசையில இருக்காங்க."

மார்ச் மாதம் தலைநகர் வெலிங்டனிலிருந்து விருது வந்தது. தலைக்கு இத்தனை மின்சார வண்டி என்ற கணக்கில் நாட்டிலேயே முதலிடம். ஆகவே வைதோருவுக்கு "அமைதி நகரம்" பட்டம். ரக்பி மைதானத்தில் விழா. வெலிங்டன் பெரிய அதிகாரி ஒருவர் கேடயத்தோடு வந்திருந்தார். மேயர் பெவர்லி ஸ்டோட் பச்சை நிறக் கோட்டு அணிந்திருந்தார். முன்வரிசையில் ஹார்கட், அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. மேடைப் படியோரம் நூலகத்தின் சார்பில் மிஸ் ஃபென்விக் நின்றிருந்தார். மரியாதை செலுத்தும் முகமாக அறுபத்துமூன்று வண்டிகளும் மைதானத்தைச் சுற்றி இன்ஜினை ஓடவிட்டு நின்றன.

ஊரின் முதல் மின்சார வாகன உரிமையாளர் என்ற முறையில் நைரியைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள். எதிரே அறுபத்துமூன்று பின்குழாய்கள்.

"இது எதுவும் மின்சார வண்டி இல்ல," என்றாள். "எல்லாம் பெட்ரோல். என் வண்டிதான் முதல்ல ஆரம்பிச்சது. எனக்குத் தெரிஞ்சுதான் ஆரம்பிச்சது. அன்னைக்கே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கணும். கார் போயிடுமேன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். இந்தக் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. சில்வியா போனாலும் போகட்டும் என்று நிஜமாகவே தோன்றியது. போலீஸ் வருமா, கல் வருமா என்று காத்து நின்றாள்.

கைதட்டல் வந்தது. மைதானம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. வெலிங்டன் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வாய் அசைந்ததிலிருந்து "அருமை, அருமை" என்கிறார் என்று ஊகிக்க முடிந்தது. மேயர் அவளைக் கட்டிக்கொண்டார். ஹார்கட் காதில் பஞ்சோடு தலையாட்டினார். மறுநாள் செய்தித்தாள் அவள் உரையை "உணர்ச்சிபூர்வமானது" என்று மட்டும் எழுதியது. என்ன பேசினாள் என்று எழுத நிருபரிடம் ஒரு வரிகூட இல்லை.

நைரி மேடையிலிருந்து இறங்கினாள். படியோரம் நின்ற மிஸ் ஃபென்விக் அவள் கையைப் பற்றி ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனார்.

"நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு," என்றார். "ஒவ்வொரு வார்த்தையும்."

நைரிக்கு ஒரு கணம் உயிர் வந்தது. ஒரு ஆளாவது! அதுவும் எழுதத் தெரிந்த ஆள். புகார் எழுதிப் பழகிய ஆள்.

"எழுதுங்க மேடம்," என்றாள். "நான் கையெழுத்துப் போடறேன். சாட்சிக்கும் வரேன்."

மிஸ் ஃபென்விக் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நேத்து என் காருக்கு வருடாந்திரச் சோதனை," என்றார். "தேறலைன்னுட்டாங்க. இந்த ஊர் மின்சார வண்டிகளோட சராசரி சத்தத்துல நூத்துல ஒரு பங்குகூட என் வண்டியில இல்லையாம். இது மின்சார வண்டிதானான்னே சந்தேகமா இருக்காம். மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலைன்னா பதிவேட்டுலேர்ந்து எடுத்துடுவாங்களாம்."

அவர் நைரியின் காதருகே குனிந்தார்.

"ரெவிகிட்ட சொல்லி எனக்கும் ஒரு ரோட்டரி போட்டுத் தரச் சொல்றீங்களா? நூலகத்துக்குப் போய்வர்றதுக்குத்தான். சின்னதா இருந்தாலும் போதும்."

நைரி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விழா அழைப்பிதழின் பின்புறத்தில், ரெவியின் வரிசைக்கு நாற்பத்தொன்று என்று எண் போட்டு அவர் பெயரை எழுதிக்கொண்டாள்.